ரெமிஷன்: தணிவா, அடக்கமா, ஓய்வா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

நான்கு நாளாக ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: 'ரெமிஷன்', அதாவது நோயின் அறிகுறிகள் வெளியே தெரியாமல் போன நிலை. புற்றுநோய்க் கட்டுரைகளில் இதை ஏற்கெனவே ஆளுக்கொரு விதமாக எழுதிவருகிறோம். எனக்கு இப்போது வேண்டியது வாதநோய்களுக்கு. முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூப்பஸ், தசைகளைத் தாக்கும் மயோசைட்டிஸ், தோல் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா என்று, எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே பகையாக எடுத்துக்கொள்ளும் நோய்கள்.

மொழிபெயர்க்கும் கட்டுரை ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையைப் பற்றியது. எந்த மருந்துக்கும் மசியாத லூப்பஸ் நோயோடு வந்த 20 வயதுப் பெண்ணுக்கு 2021இல் அங்கே கார்-டி செல் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிற அதே சிகிச்சைதான். அவருடைய இரத்தத்திலிருந்தே டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் மேல் இருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைத் தேடிப் பிடித்து அழிக்கும்படி ஆய்வகத்தில் மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். ஒரே ஒரு தடவை. உடலுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சுரப்பது பி செல் வம்சம்தான் என்பதால் வேரிலேயே கை வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் கியோர்க் ஷெட் குழுவினர் 15 பேரின் முடிவுகளை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். லூப்பஸ் 8 பேர், மயோசைட்டிஸ் 3 பேர், ஸ்க்ளீரோடெர்மா 4 பேர். பதினைந்து பேரும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நிறுத்த முடிந்தது. லூப்பஸ் நோயாளிகள் எட்டுப் பேரும் ரெமிஷன்.

'எட்டுப் பேரும் குணமானார்கள்' என்று எழுதினால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். கை அதைத்தான் தட்டப் பார்க்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டிருக்கிறேன்.

சில வருஷம் முன்பு ஒரு மருத்துவமனைக்காக முடக்குவாதக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்தேன். ரெமிஷனுக்கு 'நோய் நீங்கிய நிலை' என்று போட்டேன். என் சொல்தான், வேறு யார் மேலும் பழியில்லை. அச்சாகி வந்ததும் பெருமையாக ஒரு பிரதியைச் சித்திக்குக் கொடுத்தேன். அவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சரவாங்கி, அதாவது இதே முடக்குவாதம். அடுத்த முறை போனபோது டாக்டர் "ரெமிஷன்ல இருக்கீங்க, நல்ல விஷயம்" என்றிருக்கிறார். சித்தி வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டி, நோய் நீங்கியாச்சு என்று படித்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் போடும் முடக்குவாத மாத்திரையான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டார். மூன்றாவது மாதம் நான் போனபோது, டம்ளரை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வீங்கி வளையலைக் கழற்றி வைத்திருந்தார். "நீதானேடா எழுதியிருக்க, நீங்கிப்போச்சுன்னு" என்றார். கோபமாகக்கூட இல்லை.

ஆகவே எனக்கு வேண்டிய சொல் இப்படி: நோய் இப்போது இல்லை என்று சொல்ல வேண்டும், போய்விட்டது என்று சொல்லக் கூடாது. கைவசம் இருப்பவை: நோய்த்தணிவு, நோயடக்கம், ஓய்வுநிலை. எது தேறும்?

*

தம்பிக்கு,

நான் வாதநோய் மருத்துவர். குழுவில் பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிற ஆள். இதற்கு மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் சித்தி மாதிரி மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

என் அறையில் நாங்கள் சொல்வது 'கண்ட்ரோல்ல இருக்கு'. நோயாளிக்குப் புரியும், மாத்திரையும் தொடரும். ஆனால் அது ரெமிஷன் இல்லை. சர்க்கரையும் பிரஷரும்கூடக் கண்ட்ரோலில்தான் இருக்கின்றன. முடக்குவாதத்தில் ரெமிஷனுக்குக் கறாரான கணக்கு உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் 2011இல் சேர்ந்து வகுத்தது: தொட்டால் வலிக்கும் மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, வீங்கிய மூட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 'மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்' என்பதற்கு நோயாளியே பத்துக்குப் போடும் மதிப்பெண்ணும் ஒன்றைத் தாண்டக் கூடாது. கடைசி நிபந்தனையால் நிறையப் பேர் தோற்றார்கள். ஐம்பத்தைந்து வயதில் முதுகு வலிக்காதவர் யார்? 2022இல் அதை மட்டும் இரண்டாகத் தளர்த்தினார்கள்.

இந்தக் கணக்கில் 'மருந்து நிறுத்தியிருக்க வேண்டும்' என்று எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். லூப்பஸுக்கு இப்போது நாங்கள் பின்பற்றும் 2021 வரையறையும் அப்படித்தான். நோயின் வெளிப்பாடு எதுவும் இருக்கக் கூடாது, ஆனால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை ஓடலாம், ஸ்டீராய்டுகூட நாளுக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆக, ரெமிஷன் என்ற சொல்லுக்குள் 'மருந்து வேண்டாம்' என்ற பொருள் ஒளிந்திருக்கவில்லை. நீங்கள் எழுதிய எர்லாங்கன் செய்தி பெரிய செய்தியானதே அங்கே மருந்தும் இல்லாமல் போனதால்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2021இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று போதும். ரெமிஷனில் இருந்த சுமார் 160 முடக்குவாத நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள் அப்படியே தொடர்ந்தன, மறு பாதிக்கு அளவு பாதியாகக் குறைந்தது. ஓராண்டில் நோய் மறுபடி சீறியது முதல் குழுவில் 6 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 25 சதவீதம் பேருக்கு. நிறுத்தவில்லை, வெறுமனே பாதியாக்கியதற்கே இந்தக் கதி.

எர்லாங்கனுக்கும் இதே எச்சரிக்கை. அழித்த பி செல்கள் சராசரியாக 112 நாளில் திரும்ப வந்துவிட்டன, நோய் கூடவே வரவில்லை. வியப்பான விஷயம்தான், நானே இரண்டு தடவை படித்தேன். ஆனால் அங்கே இதே சிகிச்சை பெற்ற மயோசைட்டிஸ் நோயாளி ஒருவருக்குப் பின்னாளில் நோய் திரும்பியதையும் அதே ஊர் மருத்துவர்கள்தான் எழுதினார்கள். அதனால் 'நீங்கியது', 'தீர்ந்தது', 'குணம்' மூன்றும் வேண்டாம்.

'நோயடக்கம்' பார்த்ததும் எனக்கு 'நல்லடக்கம்' ஞாபகம் வந்தது. வார்டில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

*

தம்பிக்கும் டாக்டரம்மாவுக்கும் வணக்கம்.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். 'ஓய்வுநிலை'யை முதலில் கழித்துவிடுகிறேன். 'உங்கள் நோய் ஓய்வுநிலையில் உள்ளது' என்றால் அதற்கும் பென்ஷன் உண்டா என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள்.

'தணிவு' நல்ல சொல். வள்ளுவரே 948ஆம் குறளில் 'அது தணிக்கும் வாய்நாடி' என்கிறார், 'தீர்க்கும்' என்று சொல்லவில்லை. ஆனால் இதை வைத்துக் கொடி பிடிக்க வேண்டாம். உரைகாரர்கள் அந்தத் 'தணிக்கும்' என்பதற்குத் 'தீர்க்கும்' என்றே பொருள் எழுதுகிறார்கள். இன்றைய பேச்சில் அந்தப் பொருள் போய்விட்டது. காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். 'காய்ச்சல் விட்டுடுச்சு' என்றால் இல்லை. 'தணிஞ்சிருக்கு' என்றால் நூற்றிரண்டு நூறாகியிருக்கிறது, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்ன கறாரான கணக்குக்குத் தணிவு போதாது. இன்னும் கொஞ்சம் நோய் மிச்சமிருக்கிறது என்று ஆகிவிடும்.

எனக்குத் தோன்றிய ஒன்று: நீறுபூத்த நெருப்பு. மேலே சாம்பல், தொட்டால் சுடாது, ஊதினால் பற்றும். 'நீறுபூத்த நிலை' என்று சொன்னால் உங்கள் சித்தி மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார்.

*

ஐயா, அழகான சொல்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது இருபத்திரண்டு வயதுப் பெண். இரண்டு வருஷம் ஸ்டீராய்டில் முகம் உப்பி, இப்போதுதான் கண்ணாடி பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அவளிடம் 'உன் உடம்பு நீறுபூத்த நெருப்பு' என்று சொல்ல என்னால் முடியாது. பயமுறுத்தும் சொல்லும் தப்பு, ஏமாற்றும் சொல் எவ்வளவு தப்போ அவ்வளவு.

ஒன்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தணிவு என்றால் 'கொஞ்சம் மிச்சம்' என்றீர்களே, அந்தப் படிநிலை எங்களிடம் தனியாகவே உண்டு. ரெமிஷன் எட்டவில்லை, ஆனால் நோய் மிகக் குறைவாக இருக்கிறது. அதையும் சிகிச்சையின் இலக்காக வைக்கிறோம். அதற்குத் 'தணிவு' கச்சிதமாகப் பொருந்தும். ரெமிஷனுக்கு வேறு தேடுங்கள்.

*

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கரை தாண்டிய சிக்கல். எங்கள் ஊரில் 'வருத்தம்' என்றால் நோய். 'வருத்தம் மாறிட்டுது' என்றால் குணமாகிவிட்டது. இதைச் சென்னையில் சொன்னால் மனக்கவலை தீர்ந்தது என்பார்கள், 'நோய் மாறியது' என்று எழுதினால் வேறு நோய் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். எதிர்ப்பாற்றலுக்கு நாங்கள் படித்தது 'நிர்ப்பீடனம்', உங்கள் பாடநூலில் 'நோய்த்தடைக்காப்பு'. அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. இந்தச் சொல்லாவது இரண்டு பக்கமும் விளங்கினால் போதும்.

ஆசிரியர் காய்ச்சலைச் சொன்னார், நான் மழையைச் சொல்கிறேன். மாரியில் மழை 'ஓய்ந்திட்டுது' என்று சொல்வோம். ஒரு துளி கூட விழவில்லை என்றுதான் அர்த்தம், குறைந்திருக்கிறது என்றில்லை. ஆனால் அதற்காக ஒருவரும் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. மாரி முடியவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். டாக்டர் கேட்பது இதைத்தானே? 'ஓய்வு'தான் பென்ஷனுக்குப் போய்விட்டது. 'ஓய்தல்' இன்னும் மழையிடமே இருக்கிறது.

*

யாழ்ப்பாணத்து அன்பர் என் வாயை அடைத்துவிட்டார். நீறுபூத்த நெருப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அப்படியானால் 'ஓய்நிலை' என்று வையுங்கள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஓய்ந்த நிலை, ஓய்கின்ற நிலை, ஓயும் நிலை மூன்றும் அதற்குள் உண்டு. காலத்தை வெளியே காட்டாத சொல். எத்தனை நாளைக்கு என்று மருத்துவராலேயே சொல்ல முடியாத ஒன்றுக்குக் காலம் காட்டாத சொல் இருப்பதுதான் முறை.

*

அனைவருக்கும்,

ஓய்நிலை என்றே வைத்துக்கொள்கிறேன். 'மருந்துடன் ஓய்நிலை', 'மருந்தில்லா ஓய்நிலை' என்று இரண்டாகப் பிரித்தால் எர்லாங்கன் செய்தியும் சரியாக வருகிறது: 'எட்டுப் பேரும் மருந்தில்லா ஓய்நிலையை எட்டினார்கள்.' ஒரு படி கீழே உள்ளதற்குத் தணிவு.

நேற்றிரவு சித்திக்கு போன் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். 'உங்கள் நோய் ஓய்நிலையில் உள்ளது' என்று படித்தேன்.

"ஓஞ்சு போச்சா?" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடியும் அதே கதையா? "இல்ல சித்தி, ஓஞ்சிருக்கு" என்றேன்.

"அப்ப திரும்பப் புடிச்சுக்கும். மாத்திரை உண்டுன்னு சொல்லு."

இதை இரவெல்லாம் யோசித்தேன். 'ஓய்ந்துபோனது', 'ஓய்ந்துவிட்டது' என்றால் முடிந்த கதை. 'ஓய்ந்திருக்கிறது' என்றால் இந்த நிமிஷத்து நிலவரம். யோசித்துப் பார்த்தால் என் பழைய கையேட்டில் 'நீங்கியிருக்கிறது' என்று இருந்திருந்தால்கூடப் பாதி ஆபத்து குறைந்திருக்கும். பெயர்ச்சொல்லுக்கு இத்தனை மடல் எழுதினோம், சித்திக்கு வேலை செய்தது துணைவினை. ஆகவே கட்டுரைகளுக்கு 'ஓய்நிலை', நோயாளி கையில் போகும் தாளில் எப்போதும் 'ஓய்ந்திருக்கிறது', அதற்கு அடுத்த வரியிலேயே மருந்தைப் பற்றி. கையேட்டின் மறுபதிப்புக்கு அப்படித்தான் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

எர்லாங்கன் கட்டுரையில் இன்னொரு முள் இருக்கிறது. பி செல்களை வழித்தெடுத்து, அவை எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாகத் துளிர்ப்பதை 'இம்யூன் ரீசெட்' என்கிறார்கள். திரும்பி வருபவை எந்த எதிரியையும் சந்தித்திராத இளசுகள். பழைய பகையை அவை மறந்துவிட்டன என்றுகூடச் சொல்ல முடியாது, அவற்றுக்கு அது தெரியவே தெரியாது. கணினிக்காரர்களின் 'மீட்டமை' இங்கே சரியில்லை, பழையது அப்படியே திரும்பி வருவதாக ஆகிவிடும். கரும்பை வெட்டிவிட்டுக் கட்டையிலிருந்து வளரவிடும் 'மறுதாம்பு' நினைவுக்கு வந்தது. ஆனால் மறுதாம்பில் பழைய கரும்பின் பூச்சியும் நோயும் சேர்ந்தே வரும் என்று ஊரில் மாமா சொன்னார். போயிற்று. இப்போதைக்குப் 'புதுத்துளிர்ப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு நிறையவில்லை.

நோய் மறுபடி கிளம்புவதைச் சொல்லும் 'ஃப்ளேர்' என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். டாக்டரம்மா போகிற போக்கில் 'சீறியது' என்று எழுதியிருந்தார், அதையே பிடித்துக்கொண்டு 'சீற்றம்' என்று தலைப்பு வைக்கிறேன். பாம்பு ஞாபகம் வருகிறது என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கும் வருகிறது.