கல் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் எங்கே சிகிச்சை பெறலாம்?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். என் அப்பா மாமல்லபுரத்தில் கற்சிற்பி. சிறுவயதிலேயே உளி பிடித்தவர். கிரைண்டர் வந்த பிறகு பட்டறையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கிறது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். கருங்கல்லில் உள்ள சிலிக்காவின் நுண்துகள் அந்தத் துணியை எளிதாகக் கடந்துவிடும்.

இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முதலில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். முழுவதும் சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை. ஸ்கேன் பார்த்த வேறொரு மருத்துவர்தான் சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பேறும் நோய் என்றார். தழும்பேறிய நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது என்று தெரியும். இருக்கும் மூச்சையாவது காப்பாற்ற வேண்டும். கிரைண்டரின் அதிர்வில் விரல்களும் மரத்துப்போய்விட்டன, சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார். எத்தனையோ சிலைகளுக்குக் கண் திறந்த கை அது!

சென்னையிலோ செங்கல்பட்டிலோ தொழில்வழி நுரையீரல் நோயைப் பார்க்கும் மருத்துவர் யாரையாவது தெரியுமா? அப்பா உடலுழைப்புத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார். இந்நோய்க்கு அங்கே உதவி பெற்றவர்கள் இருந்தால், என்னென்ன சான்றிதழ் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

தம்பியும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே கல் அறுக்கும் கருவியையோ தூசி உறிஞ்சும் இயந்திரத்தையோ சிற்ப வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று எழுதுங்கள். சாதாரண மின்சாரக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றும் யோசனை மட்டும் வேண்டாம், ஷாக் அடித்துவிடும்.