மெலமைன் பலகை: கைவாளால் வெட்டினால் அடிப்பக்கம் பெயர்கிறது

கல்லடியில் எங்கள் வீட்டு பேன்ட்ரி கபோர்ட் வேலை பாதியில் நிற்கிறது. பலகை 18 மில்லிமீற்றர் பார்ட்டிகல் போர்ட் (மரத்துகளை அழுத்திச் செய்தது), இரண்டு பக்கமும் வெள்ளை மெலமைன் என்ற கடினமான மெல்லிய மேலடுக்கு. பக்கப் பலகைகளில் 40 மில்லிமீற்றர் குறைக்க வேண்டும். இரண்டு முகமும் வெளியே தெரியும், அதுதான் தலையிடி.

வெட்டிக் கொடுக்கும் கடையில், விளிம்புப் பட்டி ஒட்டிய பலகையை மெஷினில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். கையில் இருப்பது அங்குலத்துக்கு 8 பல் உள்ள சாதாரணக் கைவாள்.

கழிவுத் துண்டுகளில் பார்த்தேன். மாஸ்கிங் டேப் ஒட்டினால் மேல்முகம் பரவாயில்லை, ஆனால் டேப்பை உரிக்கும்போது செதிலும் கூடவே வருகிறது. அப்புறம் கத்தியால் கோடு கீறி, வாளைச் சாய்த்துப் பிடித்து வெட்டினேன். மேலே சுத்தம். தள்ளும்போது பல் வெளியேறுவது அடியில்தானே, அங்கே அரிசி அளவுக்குப் பெயர்கிறது. கீழே பழைய பிளைவூட் வைத்து கிளாம்ப் போட்டும் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வெள்ளை மெழுகு நிரப்பியும் பார்த்தேன், வெளிச்சத்தில் அப்படியே காட்டிக்கொடுக்கிறது.

தச்சு வேலை தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்: இரண்டு முகத்திலும் ஆழமாகக் கீறி, கோட்டுக்கு 1 மில்லிமீற்றர் வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் இறக்கினால் சரிவருமா, இல்லை நுண்பல் வாள்தான் வாங்க வேண்டுமா?