காலையில் வெயில், பள்ளிக்கூடம் விட மழை: சைக்கிளில் என்ன உடுத்துப் போவது? அவசரம்

மருதநிழல் · செவ்வாய், மாலை 5.40
உதவி தேவை. போனில் உள்ள வானிலை ஆப் நேற்று 20 வீதம் மழை என்றது. தெப்பமாக நனைந்து வந்தேன். இன்று 80 வீதம் என்றது. மழைக்கோட் போட்டுப் போய் வியர்வையில் ஊறினேன், ஒரு துளி விழவில்லை. எனக்குச் சைக்கிளை விட்டால் வேறு வழி இல்லை. எந்த ஆப்பை நம்பலாம்? என்ன உடுத்தால் நல்லது? நாளைக்கும் போகவேண்டும், கெதியாகச் சொல்லுங்கள்.

குளக்கட்டு · 5.52
எங்கே இருந்து எங்கே? எத்தனை கிலோமீற்றர்? எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவீர்கள்? இந்த மாதத்தில் காலை வேறு, பின்னேரம் வேறு.

ரயர்கடை · 5.58
தம்பி, அரைக் களிசானும் பொலியெஸ்டர் ரீசேட்டும் போடு. பருத்தி நனைந்தால் லேசில் காயாது. வேலைக்குப் போடும் உடுப்பைச் சொப்பிங் பையில் சுற்றிக் கரியரில் கட்டு. ஆனால் முதலில் மட்காட்டைப் பார். மேலே இருந்து விழுவது தண்ணீர், காய்ந்துவிடும். சில்லு அள்ளி அடிப்பது செம்மண் சேறு, அது போகவே போகாது. முன்னுக்கும் பின்னுக்கும் மட்காட் இருக்கிறதா?

வாடைக்காற்று · 6.10
ஒவ்வொரு ஐப்பசியிலும் இதே கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன், தேடிப் பார்த்தால் கிடைக்கும். 20 வீதம் என்றால் மழை இல்லை என்று யார் சொன்னது? அப்படியான பத்து நாட்களில் இரண்டு நாள் பெய்யும். நேற்று அந்த இரண்டில் ஒன்று. எண்ணை வாசிக்கத் தெரியாமல் ஆப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

பாலைப்பழம் · 6.31
வாடைக்காற்று சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் நனைந்தவர் கேட்பது அதை இல்லை. இலங்கையின் வடக்கு மாகாணம் 8,884 சதுர கிலோமீற்றர். வானொலியில் "வடக்கில் சில இடங்களில் மழை" என்றால் அந்தச் சில இடம் எங்கள் ஊரா என்று யாருக்குத் தெரியும்? ஆப்களும் ஊர் ஊராகப் பார்ப்பதில்லை. பல ஆப்கள் நிலத்தைப் பெரிய சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஓர் எண் போடுகின்றன. இப்போது வருவது நிலம் சூடேறி எழும்பும் இடிமழை. ஒரு மேகம் சில கிலோமீற்றர்தான் அகலம். பரந்தன் சந்தியில் கொட்டும், கிளிநொச்சியில் தூசி பறக்கும்.

கமக்காரன் · 6.44
எங்கள் ஐயா ஆப் பார்த்தா விதைத்தார்? தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை. நேற்று எங்கள் வயலில் முழங்கால் உயரத்தில் பறந்தது.

மருதநிழல் · 7.35
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நான் தம்பி இல்லை, சித்திர ஆசிரியை. சேலை கட்டித்தான் படிப்பிக்க வேண்டும். தருமபுரத்தில் இருந்து விசுவமடுவுக்கு உள்ளே, 11 கிலோமீற்றர், அதில் 3 கிறவல். காலை 6.30க்கு வெளிக்கிடுவேன், 1.30க்குப் பள்ளிக்கூடம் விடும்.

நான் நனைந்தால் தலையைத் துவட்டிவிடலாம். நேற்று தரம் 6 பிள்ளைகளின் 31 படங்கள் கரியரில் இருந்தன, புள்ளி போடக் கொண்டுவந்தேன். எல்லாம் நீர்வர்ணம். ஒரு பிள்ளை மூன்று பாடவேளை இருந்து மயில் வரைந்தாள். பையைத் திறந்தால் தோகையில் ஒரு கண்கூட இல்லை. பச்சையும் நீலமும் வழிந்து, கீழே இருந்த படத்தில் வீட்டுக் கூரையில் ஊறி நின்றன. அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

குளக்கட்டு · 7.50
ரீச்சர், இப்போதுதான் விஷயம் விளங்குகிறது. இந்த மாதத்தில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான். காலையில் சுரிதாரில் போங்கள், சேலையைப் பையில் வைத்து அங்கே கட்டுங்கள். சேலையோடு சைக்கிள் ஓடினால் மழை இல்லாவிட்டாலும் முந்தானை பின் சில்லுக்குள் போகும். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடாதீர்கள், மடித்துக் கொண்டுபோங்கள். எங்கள் வெக்கையில் காற்றுப் போகாத கோட்டுக்குள் 11 கிலோமீற்றர் மிதித்தால் மழையில் நனைந்தது போலத்தான். அகலமான போர்வைக் கோட்டும் வேண்டாம், காற்று பிடித்து இழுக்கும்.

படத்துக்கு: யூரியா உரப்பைக்குள் வரும் பொலித்தீன் பையைக் கழுவிக் காயவிட்டு எடுங்கள். வாயை முறுக்கி மடித்து, பழைய ரியூப் துண்டால் கட்டுங்கள்.

ரயர்கடை · 8.02
குறை நினைக்காதீர்கள் ரீச்சர், தம்பி என்று எழுதிவிட்டேன். உரப்பையில் தாள் மடிந்துவிடும். 4 அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போடுங்கள். காய்ந்த படங்களைச் சுருட்டி வைக்கலாம். கரியரில் நீட்டுக்குக் கட்டினால் காலில் தட்டாது.

வாடைக்காற்று · 8.15
ஆசிரியை என்றால் ஒன்று சொல்கிறேன், இதையாவது கவனமாக வாசியுங்கள். பின்னேரத்துக்கு ஆப் வேண்டாம். இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ராடார் படம் இணையத்தில் வருகிறது. காரைக்கால் எங்களுக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். பள்ளிக்கூடம் விட முன் இரண்டு மூன்று படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள், பலத்த மழையைக் காட்டும் சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பூமி வளைவால் அந்தத் தூரத்தில் கதிர் உயரத்தில் போகிறது, தாழ்ந்த மேகத்தைக் காணாது. இடிமேகம் உயரமானது, அகப்படும்.

மார்கழியில் நிலைமை வேறு. வங்காள விரிகுடாவில் இருந்து வரும் பெரிய தொகுதிகளை நாட்கணக்கில் முன்பே சொல்கிறார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியதும் முன்பே தெரிந்த விஷயம்தான்.

கமக்காரன் · 8.21
தட்டானுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ராடார் வர முன்னும் இங்கே காலபோக நெற்செய்கை நடந்தது.

வாடைக்காற்று · 8.26
ஈரக்காற்றில் சிறு பூச்சிகள் தாழ வரும், அதைத் தின்னத் தட்டானும் வரும் என்பார்கள். சரி, இருக்கட்டும். எத்தனை மணிக்கு மழை என்று தட்டான் சொல்லுமா?

கமக்காரன் · 8.29
உங்கள் 20 வீதம் சொன்னதா?

ரயர்கடை · 8.33
இடி முழங்கினால் சைக்கிளை விட்டு இறங்காதீர்கள், ரயர் றப்பர், மின்னல் ஏறாது.

பாலைப்பழம் · 8.37
அண்ணை, தயவுசெய்து இதை நம்ப வைக்காதீர்கள். வானத்தில் இருந்து கிலோமீற்றர் கணக்கில் பாய்ந்து வருவதை ஒரு விரல் தடிப்பு றப்பர் மறிக்காது. காருக்குள் பாதுகாப்பு என்பது சுற்றியுள்ள இரும்பு உடலால், ரயரால் இல்லை. வயல்வெளியில் சைக்கிளில் போகிறவர்தான் அந்த இடத்தில் உயரமான பொருள். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 செக்கன் என்றால் 10 கிலோமீற்றர்தான், அப்போதே ஒரு கட்டடத்துக்குள் போங்கள். தனி மரத்துக்குக் கீழே ஒதுங்கவே வேண்டாம்.

ரயர்கடை · 8.49
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எழுதினேன். இனிச் சொல்லமாட்டேன்.

மருதநிழல் · புதன், மாலை 6.20
சுரிதாரில் போய் ஆசிரியர் அறையில் சேலை கட்டினேன். 1.20க்கு ராடார் பார்த்தேன், புதுக்குடியிருப்புப் பக்கம் சிவப்பு. முக்கால் மணி நேரம் பொறுத்து வெளிக்கிட்டேன், வீதி ஈரம், மேலே மழை இல்லை. குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன், அதுவரை உரப்பை. மயில் பிள்ளைக்குப் புதுத் தாள் கொடுத்தேன். இந்த முறை மயிலை மழைக்குள் வரையப் போகிறாளாம். எல்லோருக்கும் நன்றி.

ரயர்கடை · 6.41
மட்காட் இருக்கிறதா ரீச்சர்?