சுக்கினி பாஸ்தா ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக்கொள்கிறது, எங்கே தவறு?

டூரின் மாணவி:
வணக்கம். ஊர் ஈரோடு பக்கம், வீட்டில் சுத்த சைவம். இத்தாலியில் டூரின் நகருக்குப் படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த ஆகஸ்டில் போர்ட்டா பலாஸோ சந்தையில் சுக்கினி (வெள்ளரி போலத் தெரியும் பூசணி வகைக் காய்) குவிந்து கிடக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு முறை பாஸ்தா செய்கிறேன். ஒருமுறைகூடச் சரியாக வரவில்லை. தட்டில் போட்ட ஐந்தாவது நிமிடம் அடியில் இளம்பச்சையாகத் தண்ணீர் தேங்குகிறது. பாஸ்தா மேலே வெறுமனே வழுக்கிக்கொண்டு கிடக்கிறது.

என் செய்முறை: 200 கிராம் பென்னே (குழல் வடிவப் பாஸ்தா), அரைக் கிலோ சுக்கினி, இரண்டு பல் பூண்டு. எண்ணெயில் பூண்டை வதக்கி, பொடியாக நறுக்கிய காயைப் போட்டு, உப்புத் தூவி, பத்து நிமிடம் மூடி வைப்பேன். பாஸ்தாவைத் தனியே வேகவைத்து வடித்து, சேமியாவுக்குச் செய்வது போலப் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுவேன். இரண்டையும் கலந்து, பார்மேசன் துருவிப் போட்டு ஒரு கொதி. அந்தச் சீஸும் ரப்பர் மாதிரி திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வாரம் அம்மா வருகிறார். இந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றையாவது அவருக்கு நன்றாகச் செய்து போட வேண்டும்.

கோவைக்காரர்:
வேகும் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், பாஸ்தா ஒட்டாது. காய் விட்ட தண்ணீருக்குக் கொஞ்சம் சோள மாவைக் கரைத்து ஊற்றினால் கெட்டியாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பலெர்மோ அக்கா:
தங்கச்சி, நான் யாழ்ப்பாணம். சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்து 24 வருஷம், அதில் 11 வருஷம் ஒரு உணவகக் குசினியில் வேலை. நீங்கள் எழுதினதை வாசித்ததும் விளங்கிவிட்டது. நீங்கள் சுக்கினியைப் பொரியல் வைக்கிற மாதிரி வைக்கிறீர்கள். உப்புப் போட்டு மூடினால் பீன்ஸ் வடிவாக அவியும். சுக்கினியில் நூற்றில் 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்பு அதை வெளியே இழுக்கும், மூடி அதை வெளியே போகவிடாது. பிறகு காய் தன் தண்ணீரிலேயே அவிந்து குழையும்.

முதலில் காய். ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். பெரியதன் நடுப்பகுதி பஞ்சு மாதிரி, விதையோடு இருக்கும், தண்ணீர் எல்லாம் அங்கேதான். பெரியதுதான் கிடைத்தது என்றால் நடுவைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். அரை சென்டிமீட்டர் தடிப்பில் வட்டமாக வெட்டுங்கள். அகலமான தாச்சியை (வாணலியை) நல்லாச் சூடாக்கி, எண்ணெய் விட்டு, ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். அரைக் கிலோவை இரண்டு தடவையாகப் போடவேணும். மூடி வேண்டாம், உப்பும் இப்போது வேண்டாம். மூன்று நிமிஷம் கரண்டியே வைக்காதீர்கள்.

தாச்சியின் சத்தத்தைக் கேளுங்கள். சடசடவென்று இருந்தால் பொரிகிறது. சத்தம் அடங்கி, புசுபுசு என்று ஆவி வந்தால் காய் கூடிப்போச்சு, பாதியை எடுத்துவிடுங்கள். ஒரு வட்டத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓரம் முழுக்கப் பொன்னிறமாகவும் நடுவில் ஆங்காங்கே கபிலப் (பழுப்பு) புள்ளியாகவும் இருக்கவேணும். அந்த நிறம் வந்த பிறகு உள்ளி (பூண்டு), கடைசியில் உப்பு. உள்ளியை முதலே போட்டால் காய் சிவக்கும் முன்னம் கருகிக் கசக்கும்.

அடுத்தது பாஸ்தா. அலசுவதை இன்றோடு விடுங்கள். அதன் மேல் இருக்கிற மாப்பசைதான் காயையும் எண்ணெயையும் பிடித்து வைக்கிறது, நீங்கள் அதைக் கழுவி ஊற்றிவிடுகிறீர்கள். 200 கிராமுக்கு 2 லீட்டர் தண்ணீர், ஏறக்குறைய 15 கிராம் உப்பு. பெட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்தி எடுத்து நேரே தாச்சிக்குள் போடுங்கள். அதற்கு முன் அந்த வெள்ளைத் தண்ணீரில் ஒரு பெரிய கோப்பை எடுத்து வையுங்கள். அதைச் சிறுகச் சிறுக விட்டு, பெரிய நெருப்பில் இரண்டு நிமிஷம் கிளறினால் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து பால் மாதிரி வெள்ளையாய்க் கெட்டியாகும். சோள மாவு தேவைப்படாது.

கோவைத் தம்பி, எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாவில் படிந்து சாற்றை ஒட்டவிடாது. போட்ட முதல் இரண்டு நிமிஷம் கிளறிக்கொண்டு நின்றால் ஒட்டாது.

கோவைக்காரர்:
சரி அக்கா, இது தெரியாமல் இருந்தேன். ஆனால் இங்கே வாங்கும் மக்ரோனி சீக்கிரம் குழைந்துவிடுகிறதே?

பலெர்மோ அக்கா:
பையில் என்ன மா என்று பாருங்கள். இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டூரம் என்கிற கடினக் கோதுமை ரவையில்தான் செய்யவேணும் என்று 1967-இலேயே சட்டம் வந்துவிட்டது. மைதா கலந்தது என்றால் இரண்டு நிமிஷம் கூடினாலே களியாகிவிடும்.

தங்கச்சி, சீஸ் விஷயம் முக்கியம். பார்மேசனைக் கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கிற ரென்னட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள், அவர்களுடைய விதியே அதுதான். அம்மா சுத்த சைவம் என்றால் அவருக்குச் சொல்லாமல் போடாதீர்கள். உறையில் ‘கால்யோ வெஜெத்தாலே’ (தாவர ரென்னட்) அல்லது ‘மிக்ரோபிகோ’ (நுண்ணுயிர் ரென்னட்) என்று எழுதியிருக்கிற வேறு சீஸ் கிடைக்கும். எதுவானாலும் அடுப்பை நூர்த்து (அணைத்து), ஒரு நிமிஷம் ஆறவிட்டுத் தூவுங்கள். கொதிக்கும்போது போட்டால் அதில் இருக்கிற புரதம் இறுகிக் கட்டியாகிவிடும்.

சீஸே வேண்டாம் என்றால் இங்கே சிசிலியில் பாண் (பிரெட்) தூளை ஒலிவ எண்ணெயில் சிவக்க வறுத்துத் தூவுவார்கள். எனக்கு சீஸை விட இதுதான் விருப்பம்.

சென்னை வாசகி:
குறுக்கே ஒரு கேள்வி. இங்கே சுக்கினி விலை அதிகம். பீர்க்கங்காய் போடலாமா?

பலெர்மோ அக்கா:
அதுவும் இதைப் போலத் தண்ணீர்க் காய்தான். கத்தரிக்காய் நல்லது. சிசிலியின் கத்தானியா நகரில் அதைப் பொரித்து, தக்காளிச் சாற்றோடும் பேசிலோடும் போடுவார்கள், ‘நோர்மா’ என்று பெயர். உங்கள் திருநீற்றுப் பச்சிலைதான் பேசில். இங்கே கோடையில் சுரைக்கொடியின் கொழுந்தையும் இலையையும் பல்லாரோ சந்தையில் கட்டுக்கட்டாக விற்பார்கள், ‘தெனெரூமி’. தக்காளியும் உள்ளியும் வதக்கி, கொழுந்து அவிந்த தண்ணீரிலேயே ஸ்பகெட்டியை முறித்துப் போட்டு வேகவைப்பார்கள். இது மட்டும் சாறோடு கரண்டியால் சாப்பிடுவது. முதல் தடவை கண்டபோது வீட்டு வேலியில் படர்ந்த சுரைக்கொடி ஞாபகம் வந்து, சந்தையிலேயே கண் கலங்கி நின்றேன்.

டூரின் மாணவி:
அக்கா, நேற்று அம்மாவுக்குச் செய்துவிட்டேன். முதல் தடவை காயைப் போட்டபோதே சத்தம் அடங்கியது, பாதியை எடுத்தேன், உடனே சடசடவென்று திரும்பியது. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சீஸ் போடாமல் வறுத்த பிரெட் தூள்தான் தூவினேன். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். உப்பு மட்டும் சற்றுத் தூக்கல்.

பலெர்மோ அக்கா:
பாஸ்தா தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, அது தாச்சியில் வற்றும்போது இன்னும் கூடும். காய்க்கு உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

டூரின் மாணவி:
சரி அக்கா. அம்மா இன்னும் பத்து நாள் இருப்பார். சுரைக்கொழுந்து டூரின் சந்தையில் கிடைக்குமா என்று நாளைக் காலை போய்ப் பார்க்கப்போகிறோம்.