கரண்ட் வைத்ததும் அப்பாவின் விரல் துடித்தது. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது?

தலவாக்கலை மூத்தவள்:

பாரிசவாதம் வந்த கதையை விட்டுவிடுகிறேன், நம் மலையகப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அது ஒரே கதைதான். பிரஷர் மாத்திரை முடிந்திருந்தது, விடியற்காலை, வாய் கோணியது, வலது கையும் காலும் வரவில்லை. ஆஸ்பத்திரி, எண்ணெய், பிசியோ எல்லாம் ஆன பிறகு ஊசி குத்திக் கரண்ட் வைக்கிற அக்குபஞ்சர் இடத்துக்குக் கூட்டிப் போனோம். நான் எழுத வந்தது அந்த முதல் நாளைப் பற்றி மட்டும்.

உச்சந்தலையில் ஒரு ஊசி, முழங்கை மடிப்பின் ஓரத்தில் ஒன்று, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சதையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஊசிகளில் சின்னச் சின்னக் கிளிப்பை மாட்டி வயரை ஒரு சீன மெஷினில் செருகினார்கள். கே.டபிள்யூ.டி. 808 என்று அதில் எழுதியிருந்தது. ஊசி வைத்தவர் குமிழை மெல்லத் திருப்பினார். அத்தனை மாதமாக வைத்தது வைத்த இடத்தில் கிடந்த கை. சுட்டுவிரல் துடித்தது. டக், டக், டக் என்று ஒரே தாளத்தில். "ஐயோ, கை வந்திருச்சுங்க!" என்று அம்மா அந்த மனிதரின் காலைத் தொடப் போய்விட்டார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார்கள். விரலும் நின்றுவிட்டது. அப்பா இடது கையால் அந்த விரலை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

அது மூளை விழித்ததா, கரண்ட் ஆட்டியதா? எனக்கு இன்னும் தெளிவில்லை. அம்மாவிடம் கேட்டால் "ஆடுச்சே, நீயுந்தானே பார்த்தே" என்கிறார்.

பொகவந்தலாவைத் தம்பி:

அக்கா, கரண்ட் ஆட்டியதுதான், சந்தேகமே வேண்டாம். கரண்ட் பட்டுச் செத்த தவளையின் காலே துள்ளியதே, இத்தாலிய விஞ்ஞானி கல்வானி 1780களிலேயே காட்டியது. அதற்கு உயிர் வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

எங்கள் மாமாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக்குகிற மெஷின், இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வாதம் வந்தது. கூட்டிப்போன இடத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, கிளினிக் கொப்பியைப் பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி ஏறிவிட்டது. கிளிப்பைக் கையில் எடுக்கும்போது மாமிதான் "இவருக்கு நெஞ்சுக்குள்ள மெஷின் இருக்கே, ஒண்ணும் ஆகாதா?" என்றார். கிளிப் பிடித்திருந்த பையனின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இப்படிக் கரண்ட் வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டாமா? மாமி சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

கொட்டகலை மாஸ்டர்:

தம்பி, ஒரு பையன் கவனமில்லாமல் இருந்ததற்கு ஒரு வைத்தியத்தையே தவளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தக் காலத்தில் அக்குபஞ்சர் என்றால் கொழும்புப் பக்கம் களுபோவிலை ஆஸ்பத்திரிதான். சீனாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த அன்ரன் ஜயசூரிய அங்கே கிளினிக் நடத்தினார். வெளிநாட்டு டொக்டர்மாரே அவரிடம் வந்து படித்தார்கள். எங்கள் பெரிய மச்சானை ஹட்டனில் நைட் மெயில் ரயிலில் ஏற்றியபோது நானும் ஒரு போர்ட்டரும் சேர்ந்து தூக்கித்தான் ஏற்றினோம். சில காலம் கொழும்பில் தங்கி வைத்தியம் பார்த்தார். திரும்பி வந்த அன்று கோச்சி நின்றதும் நான் கை கொடுக்கப் போனேன். "விடு மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து, இடது காலை முன்னால் வைத்து, அவராகவே பிளாட்பாரத்தில் இறங்கினார். கால் கொஞ்சம் இழுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இறங்கினார். என் கண்ணால் பார்த்ததை எந்தத் தவளையும் மாற்ற முடியாது.

பிசியோ (கண்டி):

மாஸ்டர், அவர் இறங்கியதை நான் மறுக்கவில்லை. ஊசியால் இறங்கினாரா, காலம் போனதால் இறங்கினாரா என்பதுதான் கேள்வி. வாதம் வந்த பிறகு முதல் சில மாதங்களில் நிறையப் பேருக்குத் தானாகவே ஓரளவு திரும்பி வரும். அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். எங்கள் தொழிலுக்கும் இதே சந்தேகம் உண்டு, அதனால்தான் ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் அந்த வைத்தியத்தைக் கொடுத்து ஆராய்கிறார்கள்.

என் சொந்த அனுபவம் சின்னது. ஒரு கொழுந்து எடுக்கும் அம்மா, இடது கை வரவில்லை. மேசையில் குவளையை வைத்து, பிடியுங்கள் என்றேன். "அதுக்குத்தான் சனிக்கிழமை கரண்ட் வைக்கிறாங்களே சேர், நான் ஏன் கஷ்டப்படணும்?" என்றார். கோபமில்லாமல், சிரித்த முகத்தோடு சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

தலவாக்கலைச் சகோதரி கேட்டதற்கு வருகிறேன். பாரிசவாதத்தில் அடிபடுவது மூளை. முதுகுத்தண்டிலிருந்து விரலுக்கு ஓடும் நரம்பும், விரலின் தசையும் உயிரோடுதான் இருக்கின்றன. ஊசி வழியாகக் கரண்ட் போனால் அவை துடிக்கும். 2 ஹேர்ட்ஸ் என்று வைத்தால் நொடிக்கு 2 தரம் துடிக்கும், உங்களுக்குக் கேட்ட அந்தத் தாளம் அதுதான். இந்தத் துடிப்புக்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. மெஷினை நிறுத்திவிட்டு "மடக்குங்க அப்பா" என்று சொல்லி, அவராகக் கொஞ்சமாவது மடக்கினால் அதுதான் மூளையின் கணக்கு. நாங்கள் தோலில் பட்டை ஒட்டிக் கரண்ட் வைக்கும்போதும் "நீங்களும் சேர்ந்து மடக்குங்கள்" என்று சொல்வது இதற்காகத்தான்.

அதற்காக இது வெறும் ஏமாற்று என்று தம்பி முடிவு கட்ட வேண்டாம். எலிகளுக்கு மூளைக்குப் போகும் இரத்த நாளத்தை அடைத்து, அப்புறம் மின் ஊசி வைத்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. பாதிப்பு சுருங்கியது, நரம்பை வளர்க்கும் ஒருவகைப் புரதம் கூடியது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அங்கே எலிக்குச் சில மணி நேரத்துக்குள் ஊசி ஏறும், சில ஆய்வுகளில் அடைப்பதற்கு முன்னாலேயே ஏறும். நம் ஆட்கள் மாதக்கணக்கு கழித்துப் போகிறார்கள். மனிதர்களுக்கு என்று பார்த்தால், 2016இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற கொக்ரேன் குழு, 31 ஆய்வுகளை, 2,257 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. சாதாரண அக்குபஞ்சரும் மின் அக்குபஞ்சரும் அதில் அடக்கம், பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை. சிலதில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது, வழக்கமான வைத்தியமாக வைக்கலாமா என்று முடிவு சொல்லச் சான்று போதாது என்று முடித்தார்கள்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவும், அப்புறம் வலி தாங்காமல் பயிற்சியே நின்றுவிடும். எண்ணெய் தேய்த்தால் தேயுங்கள், இழுத்து முறுக்காதீர்கள். உப்புக் கருவாட்டைக் குறையுங்கள். பிரஷர் மாத்திரையை "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்துவதை எந்த ஊசியும் ஈடுகட்டாது. ஊசிக்குப் போவதென்றால் பேஸ்மேக்கர், வலிப்பு, இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற வார்ஃபரின் மாத்திரை, இந்த மூன்றையும் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள், ஒவ்வொரு தரமும் புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, ஊசிக்குப் போகிற நாளிலும் பயிற்சியை விடாதீர்கள். குவளை, கரண்டி, சட்டைப் பொத்தான், அவ்வளவு போதும். வீட்டிலேயே ஆகும், பஸ் காசும் இல்லை.

வெலிமடை மருமகள்:

எல்லோரும் மெஷினைத் திட்டுவதால் இதையும் எழுதுகிறேன். அத்தைக்கு ஏற்கெனவே ஒரு தரம் லேசாக வந்திருந்தது. அன்று காலையில் மறுபடி நாக்கு குழறியது. ஆஸ்பத்திரி வேண்டாம், ஊசிதான் என்று பிடிவாதம் பிடித்தார். ஆட்டோவில் கூட்டிப் போனோம். அந்த வைத்தியர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிரஷர் பார்த்தார், 210க்கு 120. பிரித்து வைத்திருந்த ஊசிப் பக்கெட்டை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, "எப்ப தொடங்கினது? மணி சொல்லுங்க, மணி சொல்லுங்க" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். அவரே 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்குப் போன் எடுத்தார். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும், இங்கே இருந்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்றார். காசும் வாங்கவில்லை. அந்தக் கத்தல் இப்போதும் காதில் கிடக்கிறது. எங்களில் யாருக்குமே மணி தெரிந்திருக்கவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போது என்றுதான் சொன்னோம்.

கொட்டகலை மாஸ்டர்:

பாருங்கள், நல்ல வைத்தியரும் இருக்கிறார் என்றுதானே நானும் சொன்னேன். பிசியோ தம்பி 31 ஆய்வு என்கிறார். மலையில் இருக்கிறவனுக்குப் பிசியோ மாதம் ஒரு தரம் கிடைப்பதே பெரிய விஷயம், அதைப் பற்றி ஏதாவது ஆய்வு இருக்கிறதா? பக்கத்தில் ஊசி வைக்கிறவர் இருந்தால் ஜனம் அங்கேதான் போகும்.

பொகவந்தலாவைத் தம்பி:

அது நியாயமான பேச்சு மாஸ்டர். ஆனால் எங்கள் மாமா போன இடத்துக்குக் கொடுத்த காசில் வாரம் ஒரு தரம் பிசியோவை வீட்டுக்கே கூப்பிட்டிருக்கலாம்.

தலவாக்கலை மூத்தவள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மெஷின் இல்லாமல் மடக்கச் சொல்லிப் பார்த்தேன். சுட்டுவிரல் அசையவில்லை, பெருவிரல் கொஞ்சம் உள்ளே வந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அது ஊசியால்தான் என்பார். பிசியோ சேர், அம்மா அப்பாவைக் கட்டிலில் இருந்து எழுப்புவதே அந்தக் கையைப் பிடித்துத்தான். அப்படியானால் எங்கே பிடிப்பது? படுக்கும்போது தலையணை எங்கே வைப்பது?

பிசியோ (கண்டி):

பெருவிரல் வந்தது நல்ல செய்தி, அதையே தினமும் செய்ய வையுங்கள். எழுப்பும்போது முழங்காலை மடக்கி, நல்ல பக்கமாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் தோள்பட்டை எலும்பில் கையைக் கொடுங்கள், அக்குளில் வேண்டாம். மல்லாந்து படுத்தால் தோளிலிருந்து விரல்வரை கைக்கு அடியில் தலையணை. வலது பக்கம் சரிந்து படுத்தால் தோளைக் கொஞ்சம் முன்னால் எடுத்து வையுங்கள். தோளைத்தான், மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இல்லை.