கிரிட் பெரிதானதும் எம்பிஐ நிரல் நின்றுவிடுகிறது, பக்கத்து புராசஸுக்கு வரிசை அனுப்பும் இடத்தில்

உறைபனி:
வணக்கம். ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் தலைக்குந்தா பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். கொஞ்சம் மேலே சரிவில் இருக்கும் செடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதுதான் காரணம். அதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதல் கட்டமாக வெப்பப் பரவலை மட்டும் சி-யில் எழுதியிருக்கிறேன். ஒரே நேரத்தில் ஓடும் பல புராசஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள எம்பிஐ நூலகத்தை வைத்திருக்கிறேன்.

2000-க்கு 2000 கிரிட், நான்கு புராசஸ், ஆளுக்கு 500 வரிசை. ஒவ்வொரு துண்டுக்கும் மேலும் கீழும் ஒரு ஹேலோ வரிசை, அதாவது பக்கத்துத் துண்டின் ஓர வரிசையின் நகலுக்கான இடம். ஒவ்வொரு நேரப்படியிலும் எல்லா ராங்கும் (எண் கொடுக்கப்பட்ட புராசஸ்) முதலில் எம்பிஐ சென்ட் வைத்து மேலே அனுப்பும், அப்புறம் கீழே அனுப்பும், அதன்பிறகு இரண்டு ரிசீவ். 400-க்கு 400 என்றால் ஒழுங்காக ஓடுகிறது. 2000 வைத்தால் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. எர்ரர் எதுவும் வரவில்லை, நான்கு புராசஸும் 100 சதவீதம் சிபியு காட்டுகின்றன. மெமரி போதவில்லையா?

குன்னூர்வாசி:
மெமரி இல்லை தம்பி. 2000-க்கு 2000 டபுள் என்றால் 32 மெகாபைட். பழையது, புதியது என்று இரண்டு வைத்தாலும் 64தான். இது டெட்லாக், ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோருமே நின்றுவிடுவது. 100 சதவீதத்தைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்காதீர்கள். காத்திருக்கும்போதும் நூலகம் செய்தி வந்ததா வந்ததா என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

400 எண் கொண்ட வரிசை 3200 பைட். அந்த அளவை நூலகம் தன் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு சென்ட்டை உடனே முடித்துவிடும். 2000 எண் என்றால் 16,000 பைட், உங்கள் நூலகத்தின் வரம்பை அது தாண்டியிருக்கிறது. இனி எதிரில் இருப்பவர் ரிசீவ் கூப்பிட்டால்தான் சென்ட் முடியும். ராங்க் 0 கீழே 1-க்கு அனுப்பக் காத்திருக்கிறது, ராங்க் 1 மேலே 0-க்கு அனுப்பக் காத்திருக்கிறது. ரிசீவ் வரிக்கு யாரும் வந்தே சேரவில்லை. அந்த வரம்பு நூலகத்துக்கு நூலகம், இணைப்புக்கு இணைப்பு மாறும். 1994-இல் முதல் தரநிலை வந்ததிலிருந்தே சாதாரண சென்ட் பஃபரில் வாங்கி வைக்கும் என்று எம்பிஐ உறுதி கொடுத்ததில்லை.

சந்தேகம் இருந்தால் எல்லா சென்ட்டையும் எஸ்சென்ட் என்று மாற்றி 400-லேயே ஓட்டுங்கள். எதிராளி ரிசீவைத் தொடங்காமல் அது முடியவே முடியாது, அதனால் ஒளிந்திருக்கும் டெட்லாக் சின்ன கிரிட்டிலேயே வெளியே வரும். பக்கத்துப் பரிமாற்றம் எழுதும் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பேன்.

கல்லட்டி மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்குவதுபோல, இரட்டைப்படை ராங்க் முதலில் அனுப்ப, ஒற்றைப்படை முதலில் வாங்க என்று முறை வைக்கலாம். ஆனால் அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே அழைப்பில் செய்யும் சென்ட்ரிசீவ் இருக்கும்போது அது தேவையில்லை. ஒரு தடவை: மேலே கொடு, கீழிருந்து வாங்கு. இன்னொரு தடவை: கீழே கொடு, மேலிருந்து வாங்கு. ஓரத்து ராங்குகளில் பக்கத்து ஆள் இல்லாத இடத்தில் 'யாரும் இல்லை' என்று பொருள்படும் எம்பிஐ புராக் நல் கொடுங்கள். அந்த அழைப்பு ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும், இஃப் எல்ஸ் வேண்டியதில்லை.

இன்னொன்று. "எல்லோரும் மேலே அனுப்பிவிட்டுக் கீழிருந்து வாங்கினால் போதுமே" என்று சிலர் எழுதுவார்கள். அது நிற்காது. ஆனால் பெரிய செய்தி என்றால் 0 வாங்கிய பிறகுதான் 1 விடுபடும், அப்புறம் 2, அப்புறம் 3. இணையாக ஓட வேண்டியது வரிசையில் நிற்கும், எர்ரர் வராததால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

உறைபனி:
மிக்க நன்றி அண்ணா. எஸ்சென்ட் போட்டதும் 400-லேயே நின்றது. சென்ட்ரிசீவுக்கு மாற்றிவிட்டேன், 2000 ஓடுகிறது. அடுத்து 16 புராசஸ் கிடைக்கும். காற்று மூலைவாட்டாகவும் இறங்குவதால் மூலைக் கட்டங்களும் தேவைப்படும். வரிசைத் துண்டாகவே விடலாமா?

கொடைமேகம்:
16 என்றால் 4-க்கு 4 சதுரமாகப் பிரியுங்கள். வரிசைத் துண்டில் நடுவில் இருக்கும் ராங்க் ஒவ்வொரு படியிலும் 4000 எண் அனுப்ப வேண்டும். 500-க்கு 500 சதுரத்தில் நான்கு பக்கமும் சேர்த்தே 2000தான். பக்கத்து ஆள் யார் என்பதை கார்ட் கிரியேட், கார்ட் ஷிஃப்ட் என்ற எம்பிஐ அழைப்புகள் சொல்லிவிடும்.

சி-யில் இடது, வலது ஓரம் நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்காது. இடைவெளி விட்டுக் கிடக்கும் எண்களை ஒரே செய்தியாக அனுப்ப, டைப் வெக்டர் வைத்து ஒரு தரவு வகை செய்துகொள்ளுங்கள்: எண்ணிக்கை 500, தொகுதி 1, தாவல் 502. இரண்டு பக்க ஹேலோவும் சேர்வதால்தான் 502. 500 என்று போட்டால் எர்ரரே வராமல் சாய்ந்த கோட்டில் இருக்கும் எண்கள் போய்ச் சேரும்.

மூலைக்காகத் தனிச் செய்தி வேண்டாம். முதலில் இடம் வலம் முடியுங்கள். பிறகு மேல் கீழ் அனுப்பும்போது வரிசையை 502 நீளத்துக்கு, அப்போதுதான் வந்த ஹேலோவோடு சேர்த்து அனுப்புங்கள். மூலைவாட்டு எண் இரண்டு தாவலில் வந்துவிடும். முதல் சுற்று முடியாமல் இரண்டாவதைத் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நேரம் மிச்சப்படுத்த வேண்டுமானால் காத்திருக்காமல் உடனே திரும்பும் ஐரிசீவ், ஐசென்ட் தொடங்கிவிட்டு உள்கட்டங்களைக் கணக்கிட்டு, எல்லாப் பரிமாற்றமும் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஆல் முடிந்த பிறகு ஓரத்தைக் கணக்கிடலாம். மூலையும் வேண்டும் என்றால் இரண்டு சுற்றுக்கும் தனித்தனி வெயிட்ஆல் வேண்டும். இதை உடனே செய்யாதீர்கள். முதலில் ஒவ்வொரு ராங்கும் தன் துண்டு முழுக்கத் தன் எண்ணையே நிரப்பி, ஒரு பரிமாற்றம் செய்து, ஹேலோவை அச்சிடட்டும். ராங்க் 5-இன் மேல் ஹேலோ முழுக்க 1, இடப்பக்கம் 4, மேல் இட மூலையில் 0 வர வேண்டும். அது சரியாக வந்த பிறகு வெப்பத்தை உள்ளே விடுங்கள்.