குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்து: பெருமை யாருக்கு?

பூங்குழலி:
அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பரைப் "புற்றுநோய் மருந்துச் சிகிச்சையின் தந்தை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். ஃபார்பர் பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்த அமினோப்டெரின் என்ற மருந்து எங்கிருந்து வந்தது? நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்திலிருந்து. அங்கே ஆராய்ச்சியை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பாஸ்பரஸை அளக்கும் முறையை ஹார்வர்டின் உயிர்வேதியியலர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இலேயே தந்தவர் அவர். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1948 ஜூனில் அந்தச் சிகிச்சை பற்றி ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியர்களிலும் அவர் பெயர் இல்லை. இது அநியாயம்.

மருதன்:
ஆதங்கம் புரிகிறது, அம்மா. ஆனால் ஃபார்பர் வெறுமனே மருந்தை வாங்கிக் கொடுத்தவர் அல்லர். முதலில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது. வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அவரோ, இதற்கு எதிரானதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். சாகப்போகும் குழந்தைகளை நிம்மதியாக விடுங்கள் என்று சக மருத்துவர்களே முகம் சுளித்த காலம் அது. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அந்தத் துணிச்சல் ஆய்வகக் குடுவையிலிருந்து வரவில்லை.

பூங்குழலி:
குடுவை இல்லாமல் துணிச்சலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுப்பாராவையே படுக்கையில் தள்ளியது ஸ்புரூ என்னும் குடல்நோய். அவருடைய சகோதரரின் உயிரையும் அது பறித்தது. அந்த நோய்க்கு உதவுகிற ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதே மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அமினோ தொகுதியை வைத்தார்கள். செல் அதை ஃபோலிக் அமிலம் என்று நம்பி ஏமாறும். டிஎன்ஏ செய்ய முடியாமல் பெருக்கம் நிற்கும்.

செவ்வந்தி:
என் மகளுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய் தணிந்தபின் அது திரும்பாமலிருக்கத் தரும் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறாள். சனிக்கிழமை இரவுகளில் ஆறு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. சின்னஞ்சிறு மஞ்சள் வில்லைகள். நான் உள்ளங்கையில் எண்ணி வைப்பேன், அவளும் விரல் தொட்டு எண்ணிப் பார்ப்பாள், அப்புறம்தான் விழுங்குவாள். வாரம் ஒரு நாள்தான். தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன். அமினோப்டெரினின் தம்பிதான் இந்த மருந்து என்பதை இன்றுதான் அறிந்தேன். ஆனால் நீங்கள் இருவருமே அந்தப் பத்துக் குழந்தைகளைக் கடந்து போய்விட்டீர்கள். தணிந்த நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. அவர்களைப் பெற்றவர்களையும் கணக்கில் சேருங்கள்.

மருதன்:
வணங்குகிறேன், அம்மா. நான் எழுதியதில் அது விடுபட்டது பெரிய குறைதான். பூங்குழலி அவர்களுக்கு இன்னொன்று: அமினோப்டெரினை உருவாக்கி 1947-இல் அறிவித்தவர்கள் சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட் என்ற வேதியியலர்கள். ஃபார்பர் செய்தது அநியாயம் என்றால், அந்த மூவரின் பெயரையும் சொல்லாமல் நீங்கள் சுப்பாராவை மட்டும் தூக்கிப் பிடிப்பது என்ன நியாயம்?

பூங்குழலி:
மூவரையும் விட்டது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் திசையில் தேடுவது என்று அவர்களுக்கு வகுத்துக் கொடுத்தவர் சுப்பாராவ். கட்டுரை வெளிவந்த இரண்டே மாதத்தில், 53 வயதில் அவர் இறந்துவிட்டார். தம் பங்கை எடுத்துச் சொல்ல அவர் இருக்கவில்லை. "தந்தை" என்ற பட்டத்தை ஃபார்பர் ஒருவருக்கே எழுதிக்கொடுப்பதை நான் இன்னமும் ஏற்கவில்லை.